ஒழுக்குப் பாறையில் காய் பிடிக்கவில்லை

ஆவணி 5, செவ்வாய்

டீச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மேலே போகிற நாளெல்லாம் மழை உண்டா, பூ உண்டா, காய் உண்டா, இதை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். எனக்கு எதையும் அதை மட்டும் சொல்லிப் பழக்கமில்லை. மாசானத்திடம் மணி கேட்டால் கடிகாரம் வாங்கின கதையிலிருந்து ஆரம்பிப்பான் என்று டீக்கடை தவசிக்கண்ணு சொல்வான். அவன் சொல்வது பொய்யில்லை. அந்தக் கடிகாரமே ஒரு கதைதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை. எழுத்து வந்தது கல்யாணத்துக்குப் பிறகு, அறிவொளி வகுப்பில். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். நான் தூங்காமல் இருந்தது கடைசியில் கொடுக்கும் சுண்டலுக்காக. ஆகையால் பிழை இருந்தால் டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் மலைமேல் நீர்காத்த சாஸ்தாவுக்கு விளக்குப் போடுகிறது என் வேலை. கோயில் ஆள் என்று செக்போஸ்டில் என்னை விட்டுவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒழுக்குப் பாறை. மழைக்காலத்தில் அது முழுக்க ஒழுகும். அந்த ஒழுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது டீச்சர் தேடுகிற செடி. ஒரு விரல் உயரம். இலை எலிக்காது மாதிரி. இந்த நாட்டில் வேறு எங்கேயும் இதை யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லையாம்.

முதலில் பார்த்தவன் என் மகன் கொம்பையா. போன வருஷம் இதே ஆவணியில் டீச்சருக்குச் சாமான் சுமந்துகொண்டு போனவன், பாறையில் வழுக்கி, எழுந்திருக்கும்போது மூக்குக்கு நேரே இதைப் பார்த்திருக்கிறான். விழுந்தவனைத் தூக்காமல் டீச்சர் செடியைத்தான் பார்த்தார்கள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். ஐப்பசியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்தது.

இன்று தூறல். செடி நிறைய முளைத்திருக்கிறது. பூ இல்லை. காய் இல்லை.

ஆவணி 12, செவ்வாய்

பூத்துவிட்டது. ஊதாப் பூ, தொண்டையில் வெள்ளை. மூக்குத்தி அளவுதான் இருக்கும். பாறை நெடுக யாரோ அரிசியைச் சாயம் போட்டுத் தெளித்தது மாதிரி இருக்கிறது.

திரும்பி வரும்போது பசு வேலியைத் தாண்டிப் போய்த் தவசிக்கண்ணுவின் வாழைக்கன்றைக் கடித்துவிட்டது. ஒரு கடிதான். அவன் பேசின பேச்சுக்கு ஒரு தோப்பையே தின்றிருக்கலாம்.

ஆவணி 17, ஞாயிறு

டீச்சர் வந்தார்கள். ஜெசிந்தா என்று பெயர். திருநெல்வேலியில் காலேஜில் செடிப் பாடம் நடத்துகிறார்கள். மலைமேல் போவதற்கு அவர்களுக்கு வனத்துறையில் எழுதி வாங்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள்கூடக் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இந்த டைரி.

பூவோடு சில செடிகளை எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவில் விரித்து, பலகைக்கு இடையில் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். கட்டுகிற விதம் பாடை கட்டுகிற மாதிரி இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் கொம்பையாவின் பதினாறாம் நாளுக்கு டீச்சர் வந்திருந்தார்கள். பந்தலில் எல்லாரும் இருந்தோம். ஆவுடை, அவள் என் வீட்டுக்காரி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செடி புதுசு என்றால் அதற்குக் கொம்பையா பெயரைத்தான் வைப்பேன், உலகத்தில் எந்த நாட்டில் அந்தச் செடியைப் பற்றிப் பேசினாலும் அவன் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள் என்றார்கள். ஊரே கேட்டது. எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். கொம்பையா என்பது என் அப்பா பெயர். இவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்ததும் இல்லை. அந்தப் பெயர் இவனோடு நின்றது. அன்று டீச்சர் சொன்னதும்தான் ஆவுடை சுவரிலிருந்து திரும்பினாள்.

இன்று டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள்.

"அண்ணாச்சி, இலங்கையில இதே மாதிரி ஒரு செடி இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. இலை, பூ எல்லாம் ஒண்ணு போலத்தான். காயை வச்சுத்தான் பிரிக்க முடியும். அதோட காய்ல முழுக்கச் சொணை இருக்கும், பொடி முள்ளு மாதிரி முடி. நம்மளது வழுவழுன்னு இருந்தா, இது வேற. உலகத்துக்கே புதுசு."

"சொணை இருந்தா?"

"அப்ப இது அதுதான். அதுக்கு ஏற்கெனவே பேரு வச்சாச்சு. ஒரு செடிக்கு ரெண்டு பேரு வைக்க முடியாது. நம்ம நாட்டுக்குத்தான் இது புதுசுன்னு எழுதலாம்."

இலங்கைச் செடி கடல் தாண்டி எப்படி இங்கே வரும் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது என்கிறார்கள். இருக்கலாம். என் தாய்மாமன் ஒருவர் தேயிலைத் தோட்டத்துக்கென்று கண்டிக்குப் போனார். பிழைக்க முடியாமல் ஒரு குடையோடு திரும்பி வந்தார். வெயிலுக்கும் மழைக்கும் அதை விரிக்கவே மாட்டார். கேட்டால், கிழிந்துவிடும் என்பார். அவர் செத்த பிறகு விரித்துப் பார்த்தால் உள்ளே துணியே இல்லை, கம்பிதான். கடைசிவரை அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கௌரவமாகத்தான் நடந்தார்.

காய் பழுத்ததும் போன் பண்ணச் சொல்லிவிட்டு டீச்சர் போனார்கள். இந்தச் சொணை விஷயத்தை நான் ஆவுடையிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆவணி 22, வெள்ளி

நல்ல மழை. பூ நிற்கிறது.

புரட்டாசி 2, செவ்வாய்

பூ உதிர ஆரம்பித்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் கடுகு மாதிரி ஒரு முடிச்சு. காய் என்று சொல்ல முடியாது.

தவசிக்கண்ணு கடையில், மகன் செடி எப்படி இருக்கிறது என்று நாலு பேர் கேட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் அது இப்போது மகன் செடிதான். ஐப்பசியில் வருஷத் திவசம். அதற்கு முன்னால் பெயர் அச்சில் வந்துவிடும் என்று நான்தான் சொல்லிவிட்டேன். எந்த வாயால் சொன்னேனோ.

புரட்டாசி 5, வெள்ளி

இன்று என் பெயரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. எல்லாவற்றுக்கும் நல்ல பெயராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ராஜா என்று ஒன்று, செல்வம் என்று ஒன்று. நான் பிறந்ததும், இது நமக்கு இல்லை, சுடுகாட்டுச் சாமிக்கு என்று சொல்லி மாசானம் என்று கூப்பிட்டார்கள். எமன் வந்து பார்த்தால் சுடுகாட்டின் பெயர் இருக்கும், நம்ம சரக்குத்தான், ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானாம். அப்படித்தான் நான் தங்கினேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் சங்கு ஊதுவார்கள். எனக்குக் கோபமே வராது. பெயர் ஒரு ஆளைக் காப்பாற்றும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

என் மகனுக்கு என் அப்பா பெயரை வைத்தேன். நல்ல பெயர். அப்பா நெடுங்காலம் இருந்தவர். அதனால் பயமில்லாமல் வைத்தேன்.

மழை இல்லை. காய் இன்னும் பிடிக்கவில்லை. வழியில் செந்தட்டிச் செடி பட்டுக் கை அரிக்கிறது.

புரட்டாசி 9, செவ்வாய்

காய் பிடிக்கவில்லை. பிடித்தாலும் அணில் விடாது போலிருக்கிறது. பாறைப் பக்கம் அணில் இருக்கிறது. வரையாட்டுப் புழுக்கையும் பார்த்தேன்.

விரல் நுனியெல்லாம் தடித்துவிட்டது. ஆவுடை தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிப் போட்டாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செந்தட்டி முழங்காலில்தானே படும், விரல் நுனியில் மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்டாள். விளக்குத் திரிக்குப் பஞ்சு பொறுக்கினேன் என்றேன். மலைமேல் பஞ்சு ஏது என்று அவள் கேட்கவில்லை. எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி 12, வெள்ளி

காய் இல்லை. பாறையில் வழுக்கல். முழங்கால் சிராய்ப்பு. கீழ்ப்பக்கம் இறங்கிப் பார்க்க முடியவில்லை.

புரட்டாசி 16, செவ்வாய்

வெயில். பாறை ஒழுக்கு குறைந்துவிட்டது. செடிகள் மஞ்சளடிக்கின்றன.

டீச்சர் போன் பண்ணினார்கள். ஒரு காய்கூடவா இல்லை என்று கேட்டார்கள். அவ்வளவு பூ பூத்ததே, எப்படி என்றார்கள். பூக்கிறதெல்லாம் காய்க்குமா டீச்சர், மாமரத்தில் பாருங்கள் என்றேன். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, காய் கிடைக்காவிட்டால் எதுவுமே எழுத முடியாது அண்ணாச்சி, புதுசு என்றும் எழுத முடியாது, பழசு என்றும் எழுத முடியாது, ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான் என்றார்கள்.

ஒரு வருஷம் காத்திருக்கட்டும். அப்படியே இருக்கட்டும். தெரியாத வரைக்கும் அது அவன் பெயர்தான்.

கையில் துணி சுற்றிக்கொண்டு போனேன். வழியில் முள் அதிகம்.

புரட்டாசி 19, வெள்ளி

விளக்குப் போட்டேன். எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு ஒன்றும் எழுத இல்லை.

புரட்டாசி 23, செவ்வாய்

இன்று எழுதுவது டீச்சருக்கு இல்லை.

காலையில் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆவுடை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானும் வருகிறேன் என்றாள். கொம்பையா போன பிறகு அவள் களையெடுக்கப் போவாள், வீட்டுக்கு வருவாள், அவ்வளவுதான். கோயில் குளம் எதற்கும் வந்ததில்லை. உன்னால் ஏற முடியாது என்றேன். அவள் முன்னால் நடந்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

சாஸ்தாவைக் கும்பிடக்கூட நிற்கவில்லை. நேராகப் பாறைக்குப் போனாள். செடியெல்லாம் காய்ந்து பாறையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். களையெடுக்கிறவள் கண் அது. பூ இருந்த காம்பெல்லாம் நுனியில் கிள்ளியிருந்தது. அணில் கடித்தால் காம்பு நைந்திருக்கும். இது நகம்.

"எல்லாத்தையும் பறிச்சிட்டீங்களா?"

நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கேன்லா. எதுக்குப் பறிச்சீங்க?"

சொன்னேன். இலங்கையில் இருக்கிற செடியை, சொணையை, டீச்சர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முதல் காயைத் தொட்டதுமே கையில் சொணை ஏறிவிட்டதைச் சொன்னேன். ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலுமா இருக்கும் என்றுதான் அடுத்ததைப் பறித்தேன். பிறகு அடுத்ததை. எல்லாவற்றிலும் இருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. காய்ந்த செடி ஒன்றை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்கினாள். பாறையிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வேரப் பாருங்க."

தலைமுடி மாதிரி நாலு இழை. அவ்வளவுதான். நான் கோரை மாதிரி நினைத்திருந்தேன். மேலே காய்ந்தாலும் உள்ளே கிழங்கு கிடக்கும், அடுத்த மழைக்கு முளைக்கும் என்று. வருஷா வருஷம் அதே இடத்தில் வருகிறதே.

"கெழங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது விதை விழுந்து மொளைக்குத சாதி. வெதநெல்லப் பூராத் தின்னுட்டு எந்த வயல்ல போயி நிப்பீங்க? நாட்டுலயே இங்க மட்டும்தான் இருக்குன்னு டீச்சர் சொன்னாவன்னு சொன்னீங்க. அவன் கண்டுபிடிச்ச செடியவே இல்லாம ஆக்கிப்போட்டு, அவன் பேர எதுல வைக்கப் போறீங்க?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆவுடை பாறையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் இறங்கினாள். எனக்குக் கால் வழுக்கியதால் நான் பறிக்காமல் விட்டுவிட்ட இடம் அது. நான் பாறைமேல் கவிழ்ந்து படுத்துத் தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு விளிம்புக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். அங்கே ஒழுக்கு இன்னும் நின்றிருக்கவில்லை. ஒரு செடி பச்சையாக இருந்தது. அதில் ஒரு காய். மிளகளவு. முழுக்கப் பொன்நிறத்தில் சொணை.

அவள் அதைத் தொடவில்லை. ஏறி வந்து, டீச்சரை வரச் சொல்லுங்கள் என்றாள்.

"வந்து பாத்தா பேரு போயிருமே, ஆவுடை."

"போட்டும்."

இறங்கினோம். ஊர் எல்லைக்கு வந்ததும், இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். அன்றைக்குப் பந்தலில் நீ சுவரிலிருந்து திரும்பினாயே, மறுபடி திரும்பிவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பசுவுக்குப் புல் இல்லை என்று சொன்னேன்.

புரட்டாசி 24, புதன்

டீச்சருக்குப் போன் பண்ணினேன். ஒரு காய் இருக்கிறது என்றேன். எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

புரட்டாசி 27, சனி

டீச்சர் யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வழி முழுக்கச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லையாம். நான் கதை சொல்லாமல் நடந்தது அவர்களுக்கு ஆச்சரியம். உடம்பு சரியில்லையா அண்ணாச்சி என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

பாறையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் இறங்கி, விளிம்புக்கு அடியில் தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். மேலே இருந்து எனக்கு அவர்கள் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகிலேயே தெரிந்துவிட்டது.

பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்கள். எடுத்துவிட்டு, காய்ந்து கிடந்த மற்றச் செடிகளையெல்லாம் பார்த்தார்கள். திரும்ப அந்தக் காயைப் பார்த்தார்கள்.

"பாறை முழுக்க இது ஒண்ணுதானா இருக்கு?"

"ஒண்ணுதான்."

அவர்கள் கத்தரிக்கோலைப் பாறைமேல் வைத்தார்கள். காயை எடுக்காவிட்டால், இங்கே இந்தச் செடி இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார்கள். போட்டோ போதாதாம். காயே பேப்பருக்கு நடுவில் இருக்க வேண்டுமாம், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள. எடுத்துவிட்டால் அடுத்த ஆவணியில் இந்தப் பாறையில் ஒன்றும் இருக்காது. எத்தனையோ வருஷமாகக் காடு காடாக அலைகிறேன், எனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை என்று, என்னிடம் இல்லை, பாறையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்கள். கண் கலங்கியிருந்தது.

அந்தக் கையைப் பார்த்தேன். கத்தரிக்கோலைத் தொடும், எடுக்கும், வைக்கும். நான் செய்ததற்கு அவர்கள் அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சாஸ்தாவுக்குப் பின்னால் திருநீறு கொட்டி வைக்கிற மரச்சட்டி, மரவை, இருக்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து டீச்சருக்கு முன்னால் வைத்தேன். அவர்கள் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். நான் விரலால் கிளறினேன். சாம்பலுக்குள்ளிருந்து காய் ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஆற்றில் எறிந்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் மடியில் கட்டினேன். கை கேட்கவில்லை. விதையைச் சாம்பலில் போட்டு வைத்துத்தானே எங்களுக்குப் பழக்கம்.

டீச்சர் ஒரு காயை எடுத்து ஊதினார்கள். சாம்பல் பறந்ததும் சொணை தெரிந்தது.

"எப்ப இருந்து?"

"மொதக் காய்ல இருந்து, டீச்சர்."

திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டினால் நன்றாயிருந்திருக்கும். அவர்கள் கண்ணாடியை வைத்து ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். முக்கால்வாசியும் பிஞ்சு, முளைக்காது, ஆனால் காட்டுவதற்குப் போதும் என்றார்கள். பேப்பரை விரித்து அதையெல்லாம் வைத்துக் கட்டினார்கள். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார்கள். விளிம்புக்கு அடியில் இருந்த காய் அப்படியே நின்றது.

கட்டி முடித்த பிறகுதான் பேசினார்கள்.

"அன்னைக்குப் பந்தல்ல வச்சு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கே தெரியாதத வாக்குக் குடுத்துட்டேன்."

"நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா இந்த வருசத்த நாங்க ரெண்டு பேரும் எப்படித் தள்ளியிருப்போம்னு தெரியல."

அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை.

"நம்ம நாட்டுல இத மொதமொதல்ல பாத்தது கொம்பையான்னு எழுதுவேன் அண்ணாச்சி. அது பொய் இல்ல."

"சின்ன எழுத்துலயா?"

"சின்ன எழுத்துலதான்."

இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வரும்போது பேசின பேச்சு இல்லை. பஸ் ஏறும்போது இந்த டைரியைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னார்கள்.

புரட்டாசி 30, செவ்வாய்

டீக்கடையில் தவசிக்கண்ணு, என்ன வே, பேரு வச்சாச்சா என்று கேட்டான். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதாம் என்றேன். பெஞ்சில் ஒருவன் சிரித்தான். தவசிக்கண்ணு அவனைச் சிரிக்காதே என்று சொல்லவில்லை, ஆனால் அவனுக்குக் கொடுத்த டீயில் சீனி போடவில்லை. எனக்குக் காசு வாங்கவில்லை. வாழைக்கன்றைப் பற்றியும் பேசவில்லை.

காய் நிற்கிறது. பழுப்பு ஏறிவிட்டது. நான் கயிறு கட்டி இறங்கி, ஒரு கை தூரத்துக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தேன்.

ஐப்பசி 2, வெள்ளி

யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதிப் பழகிவிட்டது.

விளக்கைப் போட்டுவிட்டுப் பாறைக்குப் போனேன். மறுபடியும் கயிற்றைக் கட்டி இறங்கினேன். காய் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பாறை வெடிப்பில் எறும்பு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் கசகசா மாதிரி ஒரு பொடி. வெடிப்புக்குள் கொண்டுபோகிறது, வெறும் வாயோடு வெளியே வருகிறது.

ஊதிவிட்டால் எறும்பு சிதறும். விதையைப் பிடுங்கி நானே ஈரத்தில் அப்பிவிடலாம். கை நீளத்தான் செய்தது. பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த எறும்பு உள்ளே கொண்டுபோய்த் தின்கிறதா, போட்டு வைக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருக்கும். கேட்க முகமில்லை. வரிசை தீருகிறவரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆவுடை திவசத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமல் கேட்டாள்.

"வெத விழுந்துட்டுதா?"

"விழுந்துட்டுது," என்றேன்.